என்.ஐ.சி.யூ-வில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்வது இப்படி

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் வாரம் டியூட்டி பார்க்கும் எல்லோருக்கும் வென்டிலேட்டரைக் கண்டால்தான் பயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சில மாதங்கள் போன பிறகு பயம் இடம் மாறியது. குறைமாதத்தில் பிறந்து, மூச்சுத் திணறலைத் தாண்டி, எடை ஏறி, பால் செரிக்க ஆரம்பித்த ஒரு குழந்தை, பிறந்த 12-ஆம் நாள் ராத்திரி ரத்தத்தில் கிருமி ஏறி விடிவதற்குள் போய்விட்டது. அந்தக் குழந்தைக்கு நுரையீரலில் பிரச்சினை இல்லை, மூளையில் பிரச்சினை இல்லை. கையில் ஒரு லைன், அதாவது மருந்தும் திரவமும் போக ரத்தக்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய், இருந்தது. அந்த லைனை எங்களில் யாரோ, ஏதோ ஒரு ஷிஃப்ட்டில், சரியாகத் துடைக்காமல் திறந்திருக்கலாம். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

புதிதாக வரும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் யூனிட்டில் எழுதி வைத்திருக்கும் விதிமுறை எந்த இடத்திலாவது இதிலிருந்து மாறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில், கிருமி எங்கிருந்து வருகிறது

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் ரத்தத் தொற்று பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது. பனிக்குடம் உடைந்து நீண்ட நேரம் ஆகியிருக்கும், தாய்க்குக் காய்ச்சல் இருந்திருக்கும். பி குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ கோலை போன்ற கிருமிகள் பிரசவப் பாதையிலிருந்து ஏறியிருக்கும். அதற்குப் பிறகு வருவது வேறு கதை. 72 மணி நேரம் தாண்டி வரும் தொற்றில் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளேயே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள், க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், பிறகு கேண்டிடா என்ற பூஞ்சை. இதில் எது அதிகம் என்பது யூனிட்டுக்கு யூனிட் மாறும். உங்கள் யூனிட்டில் கடந்த ஆறு மாதத்தில் கல்ச்சரில், அதாவது ரத்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், வளர்ந்தவை என்னென்ன என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் எதோடு போராடுகிறீர்கள் என்பது புரிந்துவிடும்.

இந்தக் குழந்தைகள் ஏன் இவ்வளவு எளிதில் விழுகிறார்கள்? தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 27 வாரத்தில் பிறந்த குழந்தை அதை வாங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. அதன் தோலைத் தொட்டுப் பாருங்கள், ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். ஒட்டிய பிளாஸ்டரை அவசரமாக உரித்தால் தோலும் சேர்ந்து வரும். அந்த இடம் கிருமிக்கு ஒரு வாசல். லைன், மூச்சுக்குழாய், மூக்கு வழியாகப் போகும் பால் குழாய் என்று மற்ற வாசல்களை எல்லாம் நாம்தான் வைத்திருக்கிறோம். அவை இல்லாமல் குழந்தை பிழைக்காது, வைக்கத்தான் வேண்டும். வைத்தவர்கள் காவலும் இருக்க வேண்டும்.

கை

உள்ளே நுழையும்போதே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், ஒட்டு நகமும் நகப்பூச்சும் கூடாது. கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும், மொத்தம் 40 முதல் 60 நொடி. மற்ற நேரங்களில் ஆல்கஹால் ஹேண்ட் ரப், 20 முதல் 30 நொடி, கை தானாகக் காயும்வரை. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் அடிக்கடி விட்டுப்போகும் இடங்கள். குழந்தையை நாம் தொடுவதோ விரல் நுனியால்தான்.

எப்போதெல்லாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்கள் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய எந்த வேலைக்கும் முன், ரத்தமோ கழிவோ பட்டபின், நோயாளியைத் தொட்டபின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டபின். சுவரில் ஒட்டியிருக்கும், எல்லோருக்கும் மனப்பாடமாகவும் இருக்கும். கோட்டைவிடுவது இரண்டாவதிலும் ஐந்தாவதிலும். கையைத் தேய்த்துவிட்டு இன்குபேட்டர் கதவைத் திறப்போம், மானிட்டர் கத்தும், அதன் பட்டனை அமுக்கிவிட்டு அதே விரலோடு லைனைப் பிடிப்போம். முதலில் செய்த சுத்தம் அந்தப் பட்டனிலேயே போய்விட்டது. கிளவுஸ் போட்டிருந்தாலும் இதே கதைதான். கிளவுஸ் போட்ட கைக்குத் தான் அழுக்காக இருப்பது தெரியாது, அதனால் இன்னும் தைரியமாக எல்லாவற்றையும் தொடும். ஒரு குழந்தைக்குப் போட்ட கிளவுஸோடு அடுத்த குழந்தையிடம் போகவே கூடாது, கழற்றியபின் கையையும் சுத்தம் செய்ய வேண்டும்.

செல்போன் குழந்தையின் பக்கத்தில் வேண்டாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 கடைசியிலும் 2012 தொடக்கத்திலும் வட அயர்லாந்தில் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். தேடிப் பார்த்தபோது கைகழுவும் குழாய்களிலேயே அந்தக் கிருமி இருந்தது. அதனால் ஸ்டெரைல் தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில், குறிப்பாக இன்குபேட்டரின் ஈரப்பதத் தொட்டியில், குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மருந்து கலக்காதீர்கள். மிச்சமான பாலையும் டிரிப் திரவத்தையும் அந்தத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

லைன் போடும்போது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பெரும்பாலும் பெரியவர்களுக்கான 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த வேலை 2006-இல் வெளியானது. கை கழுவுவது, உடல் முழுக்க ஸ்டெரைல் துணி மூடுவது, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைப்பது, தொடை வழியாக லைன் போடுவதை முடிந்தவரை தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. இந்த ஐந்துதான். 18 மாதத்துக்குள் ஆயிரம் லைன் நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன் நாள்) சராசரி 7.7 ஆக இருந்த தொற்று 1.4-க்கு வந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை ஒவ்வொரு முறையும் விடாமல் செய்தார்கள், அவ்வளவுதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு படி விட்டுப்போனால் டாக்டரையே நிறுத்தும் உரிமை நர்ஸுக்கு இருந்தது.

நீங்கள் புதியவர், உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. லைன் போடும்போது ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் கையில் படிவத்தோடு நின்று பார்க்க வேண்டும். தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், ஸ்டெரைல் கிளவுஸ். கவுனின் கை இன்குபேட்டரின் விளிம்பில் உரசினால் "சார், கை பட்டுடுச்சு" என்று சொல்லுங்கள். முதல் முறை நாக்கு எழாது. சொல்லிப் பழகிவிட்டால் சரியாகிவிடும்.

தோல் துடைக்கும் மருந்தில் மட்டும் நம் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மிகக் குறைமாதக் குழந்தைக்குக் குளோர்ஹெக்சிடின், அதுவும் ஆல்கஹால் கலந்தது, தோலைப் புண்ணாக்கிவிடும். முதுகுக்கடியில் வழிந்து தேங்கினால் தீக்காயம் போலவே ஆகும். பொவிடோன் அயோடின் அதிகம் பட்டால் தைராய்டைப் பாதிக்கலாம். எந்த வாரக் குழந்தைக்கு எது, எவ்வளவு அடர்த்தி என்பதை உங்கள் யூனிட் முடிவு செய்திருக்கும். குறைவாக எடுங்கள், காய விடுங்கள், குழந்தைக்கு அடியில் தேங்கியிருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள்.

லைனைத் திறக்கும்போது

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லைன் போடுவது ஒரு முறை. திறப்பது ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து முறை. ஊசி மருந்து ஒன்று, டிரிப் மாற்றுவது ஒன்று, ஃப்ளஷ், அதாவது லைனைச் சலைன் விட்டுக் கழுவுவது, ஒன்று என்று கிருமிக்கு அத்தனை வாய்ப்பு.

சிரிஞ்சைச் சொருகும் முனையை ஹப் என்கிறோம். ராத்திரி மூன்று மணிக்கு அதை எப்படித் துடைக்கிறோம் என்று உங்களையே கவனித்துப் பாருங்கள். ஆல்கஹால் பஞ்சை எடுத்து மேலே ஒரு தடவு, உடனே சிரிஞ்சு. அதில் ஹப் சுத்தமாகாது. ஹப்பின் மேல் பிளாஸ்டிக் வரிகள் இருக்கின்றன. அந்த வரிகளுக்குள் பால் துளியோ மருந்தோ காய்ந்து ஒட்டியிருக்கும், அதன்மேல் கிருமி படலம் கட்டியிருக்கும். ஆரஞ்சுப் பழத்தைப் பிழிவது மாதிரி பஞ்சால் இறுக்கிப் பிடித்துத் திருகித் திருகித் தேய்க்க வேண்டும், 15 நொடி. மனதுக்குள் பதினைந்துவரை எண்ணுங்கள், நான் இன்றும் எண்ணுகிறேன். அப்புறம் காய விடுங்கள், ஊதக் கூடாது. ஆல்கஹால் காயும்போதுதான் வேலை செய்கிறது. காயும் அந்த நேரத்தில் ஹப்பைக் கீழே விட்டுவிட்டால் படுக்கை விரிப்பில் உரசும், மறுபடி முதலிலிருந்து. அதனால் இன்னொரு கையில் பிடித்தே நில்லுங்கள்.

அடுத்தது, திறக்கும் தடவையைக் குறைப்பது. ஆறு மணிக்கு ஒரு மருந்து, ஆறரைக்கு ஒன்று, ஏழுக்கு ரத்தப் பரிசோதனை என்று இருந்தால் ரவுண்ட்ஸில் கேளுங்கள், மூன்றையும் சேர்த்துச் செய்யலாமா, ரத்தப் பரிசோதனையில் தேவையில்லாதது ஏதாவது உண்டா என்று. பால் நன்றாகச் செரிக்கும் குழந்தைக்கு வாய்வழி கொடுக்கக்கூடிய மருந்து எதற்கு ரத்தக்குழாயில் போகிறது?

கொழுப்புத் திரவம், அதாவது லிப்பிட், கிருமி வளர மிகவும் தோதானது. அது போகும் குழாயை 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ரத்தம் ஏற்றிய குழாயையும் அப்படியே. மற்ற டிரிப் குழாய்களைத் தினமும் மாற்றத் தேவையில்லை. 96 மணி நேரத்துக்கு முன்னால் மாற்றினால் கூடுதல் நன்மை இல்லை, அடிக்கடி கழற்றுவதால் கெடுதல் வரும். குழாயில் மாற்ற வேண்டிய நாளும் நேரமும் எழுதி ஒட்டுங்கள்.

மருந்து கலப்பது தனி மேசையில், தனி நேரத்தில், யாரும் கூப்பிடாமல். ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய குப்பியை நான்கு குழந்தைகளுக்குப் பகிர்வது பல யூனிட்களில் சிக்கனம் என்ற பெயரில் நடக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டிலும் ஃப்ளஷ் செய்யும் சலைனைப் பெரிய பாட்டிலில் ஊசி குத்தி வைத்து நாள் முழுக்க எடுத்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்கு ஒரே க்ளெப்சியெல்லா. அந்தப் பாட்டில்தான் காரணம் என்று நிரூபிக்க எங்களால் முடியவில்லை. ஆனால் அந்த வழக்கத்தை அன்றே நிறுத்தினோம். சலைன் பாட்டிலில் ஊசி குத்தி நிற்பதைப் பார்த்தால் அதை எடுத்துக் குப்பையில் போடுங்கள். யாராவது கோபித்தாலும் பரவாயில்லை.

லைனை எடுப்பது

ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே கேள்வி: இந்த லைன் இன்றைக்கு எதற்கு? பதில் வரவில்லை என்றால் எடுக்க வேண்டியதுதான். தொப்புள் வழியாகப் போட்ட லைனை 7 நாளுக்கு மேல் வைக்காமல் பல யூனிட்கள் பார்த்துக்கொள்கின்றன. பிக் லைன் (கை அல்லது கால் வழியாகப் பெரிய ரத்தக்குழாய்வரை போகும் நீளமான லைன்) உள்ள குழந்தை ஒரு நாளைக்கு கிலோவுக்கு 120 மி.லி. அளவுக்குப் பால் ஏற்றுக்கொண்டுவிட்டால், வேறு காரணம் இல்லாதபோது லைனை எடுத்துவிடுவது பலருடைய வழக்கம்.

"இருக்கட்டும், நாளைக்குத் தேவைப்பட்டால்?" என்பார்கள். இன்னொரு முறை குத்துவதில் உள்ள சிரமம் எனக்கும் தெரியும். 900 கிராம் குழந்தையின் கையில் நரம்பு தேடுவது எவ்வளவு பாடு! ஆனாலும் சும்மா இருக்கும் லைன் சும்மா இருப்பதில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன குழந்தைக்கு மறுநாள் காலை லைனை எடுப்பதாகத்தான் எழுதியிருந்தோம்.

தாய்ப்பாலும் தாயின் நெஞ்சும்

தாய்ப்பால், அதிலும் முதலில் வரும் சீம்பால், குழந்தையின் குடலுக்குக் காவல். குடல் பலமானால் அங்கிருந்து ரத்தத்துக்குக் கிருமி தாவுவது குறையும். பால் சீக்கிரம் கூடினால் லைனும் சீக்கிரம் வெளியே வரும். அதனால் பிரசவம் ஆன சில மணி நேரத்துக்குள்ளேயே தாயைப் பால் பீய்ச்ச உட்கார வைப்பதும் தொற்றுத் தடுப்பு வேலைதான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைக் குறைமாதக் குழந்தைக்குக் காரணமில்லாமல் கொடுத்தால் தொற்று கூடும், கேஸ் ஷீட்டில் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

கங்காரு முறைக்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு வைத்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது, செப்சிஸ், அதாவது ரத்தத் தொற்று, இருக்குமோ என்ற சந்தேகமும் குறைந்தது. தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் முதலில் குடியேறிவிட்டால் மருத்துவமனைக் கிருமிக்கு இடம் குறையும் என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். தாயை வாசலுக்கு வெளியே நிறுத்துவது தொற்றைத் தடுக்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கை கழுவிய தாயை உள்ளே அழைத்து வாருங்கள்.

குழந்தை "சரியில்லை" என்று தோன்றும்போது

இத்தனை செய்தும் தொற்று வரும். வந்தால் முதலில் கண்டுபிடிக்கப் போவது நீங்கள்தான்.

காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் காய்ச்சல் வராது, உடல் குளிர்ந்துபோகும். 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் இருந்த குழந்தை, வார்மரின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால்தான் அதே அளவில் நிற்கிறது என்றால் சார்ட்டில் வெப்பநிலை சரியாகத்தான் தெரியும், ஆனால் குழந்தை சரியில்லை. அதனால் குழந்தையின் வெப்பநிலையோடு மெஷினின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

நேற்று ஷிஃப்ட் முழுக்க ஒரு முறை மூச்சு நின்ற குழந்தைக்கு இன்று மூன்று மணி நேரத்தில் நான்கு முறை நிற்கிறது. இதயத் துடிப்பு அடிக்கடி இறங்குகிறது. தொட்டாலே சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, விழுகிறது. நேற்றுவரை செரித்த பால் இன்று குழாயில் பச்சை நிறத்தில் திரும்பி வருகிறது, வயிறு உப்பியிருக்கிறது. தோல் மாநிறமோ கறுப்போ ஆனால் நிற மாற்றம் எளிதில் தெரியாது. உதட்டையும் உள்ளங்காலையும் பாருங்கள், சாம்பல் பூத்தது போல இருக்கும். நெஞ்செலும்பின் மேல் விரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள், ரத்தம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால் அது எச்சரிக்கை. சர்க்கரை காரணமில்லாமல் ஏறியிருக்கும்.

இவை எதுவும் இல்லாமலும் சில நேரம் மனதில் ஒன்று தட்டும். டயபர் மாற்றும்போது காலை உதறி எதிர்க்கும் குழந்தை இன்று சும்மா கிடக்கிறது. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் அது நேற்றைய குழந்தை இல்லை. அதையும் சொல்லுங்கள். டாக்டரை எழுப்பி, "எண்கள் எல்லாம் சரியாக இருக்கு, குழந்தைதான் சரியில்லை, வந்து பாருங்க" என்று சொன்னால் போதும். க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகடிவ் வகைக் கிருமியாக இருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். பத்து முறை வீணாக எழுப்பியிருந்தாலும் பதினோராவது முறையும் எழுப்புங்கள். தாய் சொன்னாலும் இதே மதிப்புக் கொடுங்கள், மூன்று வாரமாக அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

கல்ச்சரும் ஆன்டிபயாடிக்கும்

ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் பிளட் கல்ச்சர். குறைந்தது 1 மி.லி. ஒரு கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 90 மி.லி. ரத்தம்தான், அதனால் 0.3 மி.லி. எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள மனம் சொல்லும். ரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும்போது அவ்வளவு சின்ன அளவில் அது சிக்காமல் போகலாம். "நெகடிவ்" என்று வரும் அந்த ரிப்போர்ட்டை யாரும் நம்ப முடியாது. எடுப்பதை முழுதாக எடுங்கள். புதிதாகக் குத்தி எடுங்கள், பழைய கேனுலாவிலிருந்து எடுத்தால் தோல் கிருமி கலந்து குழப்பும். தோலைத் துடைத்துக் காயவிடுவது இங்கும் அதே விதிதான். செப்சிஸ் உறுதியாகத் தெரிந்தால் முதுகுத் தண்டு நீரும் பார்ப்பார்கள், ரத்தத்தில் கிருமி வளராமலே மூளைக்காய்ச்சல் இருக்கலாம்.

உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதம் நார்மலாக வந்ததும் நிம்மதி அடையாதீர்கள். அது ஏறுவதற்கே 10, 12 மணி நேரம் ஆகும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நார்மல் என்றால் ஓரளவு நம்பலாம்.

ஆன்டிபயாடிக் எழுதிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அது குழந்தைக்குள் போயிருக்க வேண்டும். மருந்துக் கிடங்கில் இல்லை, சிரிஞ்சு பம்ப் காலியில்லை, நரம்பு கிடைக்கவில்லை என்று மூன்று மணி நேரம் ஓடிவிடுவது அடிக்கடி நடக்கும். நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள், தாமதம் எங்கே என்று தானாகத் தெரியும்.

ஆரம்பிக்கும் அதே அக்கறை நிறுத்துவதிலும் வேண்டும். கல்ச்சரில் கிருமி இருந்தால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடும். 36 முதல் 48 மணி நேரத்தில் வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் மருந்தை நிறுத்தலாமா என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். "எதற்கும் ஒரு வாரம் போகட்டும்" என்று நீட்டுவது பாதுகாப்பு போலத் தோன்றும். குடலின் நல்ல கிருமிகள் அழியும், பூஞ்சை வளரும், எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அந்த அறைக்குள் குடியேறும். அது அடுத்த குழந்தைக்குப் போகும்.

எண்ணி எழுதி வைப்பது

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யூனிட்டில் எத்தனை குழந்தைக்குச் சென்ட்ரல் லைன் (தொப்புள் லைன், பிக் லைன் போலப் பெரிய ரத்தக்குழாய்வரை போகும் லைன்) இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒரு மாதத்தின் கூட்டல்தான் லைன் நாள். அந்த மாதம் வந்த லைன் தொற்றை லைன் நாளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் உங்கள் யூனிட்டின் எண் கிடைக்கும். லைன் போட்டு இரண்டு நாள் முழுதாகத் தாண்டிய பிறகு வரும் தொற்றைத்தான் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். எண் ஏறும் மாதத்தில் ஆள் பற்றாக்குறை இருந்ததா, ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தார்களா என்று சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் இருந்திருப்பார்கள். அந்தத் தாளை நிர்வாகத்திடம் கொண்டுபோங்கள். ஒருவர் நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ஹப்பை 15 நொடி தேய்ப்பது எப்படி என்று அவர்களிடம் கேட்க அந்த எண் உதவும்.

தொற்று வந்துவிட்டால் பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறது, மருந்து ஆரம்பித்துவிட்டோம், லைன் வழியாக வந்திருக்கலாம் என்று தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் புரியும் வார்த்தையில். "நான் தொட்டதாலயா சிஸ்டர்?" என்று நிறையத் தாய்மார்கள் கேட்பார்கள். இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, கையைக் கழுவச் சொல்லி, குழந்தையின் தலையில் கை வைக்க உதவுங்கள்.